மாப்பிள்ளைக்கு எல்.பி.டபிள்யூ.

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்து அம்பயர் டிக்கி பேர்ட் மறைந்தபோது நீங்கள் எழுதியதைப் படித்தேன். படித்து முடித்ததும் என் பெரியப்பாவின் நினைவு வந்தது. கும்பகோணத்தில் ஒரு கூட்டுறவு வங்கியில் எழுத்தராக இருந்தவர். பதினெட்டு ஆண்டுகள் டவுன் அணிக்குப் புதுப் பந்து வீசினார். ஒருமுறை சென்னைக்குத் தேர்வுக்கு அழைத்தார்கள். இரண்டாம் நாளே திரும்பிவிட்டார். 1975-ல் ஆட்டத்தை விட்டுவிட்டு அம்பயர் பரீட்சை எழுதினார். பிறகு இருபத்து மூன்று ஆண்டுகள் வெள்ளைக் கோட்டுதான்.

தாத்தா முன்பே போய்விட்டதால் கடைசித் தங்கையைத் தாரை வார்த்துக் கொடுத்தவர் பெரியப்பாதான். 1979 தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை மாயவரம் அணியின் தொடக்க ஆட்டக்காரர். அதே ஆண்டு மே மாதம் மாயவரத்தில் இரண்டு ஊர் அணிகளுக்கும் ஆட்டம். வர வேண்டிய அம்பயர் வரவில்லை என்று பெரியப்பாவை நிற்கச் சொன்னார்கள். ஸ்டம்புக்குப் போகும் பந்தைக் கால் தடுத்துவிட்டது என்று விரலைத் தூக்கி மாமாவுக்கு எல்.பி.டபிள்யூ. அவுட் கொடுத்துவிட்டார். அன்று மாமா கும்பகோணத்தில் எங்கள் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. இருவரும் ஒரே ரயிலில், வேறு வேறு பெட்டியில் வந்தார்கள். மாமா வீட்டுக்கு வந்து அத்தையை அழைத்துக்கொண்டு அடுத்த ரயிலிலேயே போய்விட்டார். தலை தீபாவளிக்கு வரவில்லை. அப்புறம் ஒன்பது ஆண்டுகள் வரவில்லை. பாட்டி இறந்தபோதுதான் எங்கள் வாசற்படி ஏறினார். ‘மாப்பிள்ளையைப் பார்த்து விரல் நீட்டியவர்’ என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை.

பெரியப்பா காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பீரோவில் கோட்டு இருந்தது. வலது பையில் நான்கு புளியங்கொட்டை, இடது பையில் இரண்டு. தூக்கிப் போட மனம் வரவில்லை.

ஆட்டத்தில் மேலே போக முடியாதவர்கள்தான் அம்பயர் ஆகிறார்களா? ஒரு லீக் ஆட்டத்துக்காக ஒரு மனிதர் உறவை இழந்தது சரியா? உங்களிடம் கேட்கத் தோன்றியது. என் பெயரும் பெரியப்பா பெயரும் வேண்டாம்.

மன்னார்குடி வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

பெயரை மறைத்துவிட்டீர்கள், புளியங்கொட்டையை மறைக்கவில்லை. உங்கள் பெரியப்பாவை எனக்குத் தெரியும்.

1981 முதல் மூன்று கோடைகளில் அவர் நின்ற ஆட்டங்கள் பலவற்றுக்கு நான் ஸ்கோர் எழுதியிருக்கிறேன். பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்ளும் பையனை வேறு எதற்கு வைத்துக்கொள்வார்கள்? கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று பூவரச மரத்தடியில் ஒரு பெஞ்சு கொடுத்து உட்காரவைத்தார்கள். ஸ்கோர் எழுதுபவனுக்கும் அம்பயருக்கும் மைதானத்தின் குறுக்கே ஓர் உறவு உண்டு. அவர் பவுண்டரிக்குக் கையை வீசினால் நான் கையை உயர்த்திக் காட்ட வேண்டும். காட்டாதவரை அடுத்த பந்தை வீச விடமாட்டார். மற்ற அம்பயர்கள் இதில் கண்டும் காணாமலும் இருப்பார்கள். உங்கள் பெரியப்பா அப்படி இல்லை. நான் ஒருமுறை ஐஸ்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இருபத்திரண்டு கஜத்துக்கு நடுவில் கையை நீட்டியபடி அவர் நின்ற நிலை இன்றும் கண்ணில் இருக்கிறது. ஐந்தாறு பேர் ஒரே குரலில் என்னைத் திட்டிய பிறகுதான் கையைத் தூக்கினேன். பதின்மூன்று வயதுப் பையனின் ஒப்புதல் இல்லாமல் நான்கு ரன் நான்கு ரன் ஆகாது என்று அவர் நினைத்தது எனக்கு அப்போது புரியவில்லை, பெருமையாக மட்டும் இருந்தது.

கோட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஓவர் தொடங்கும்போது ஆறு கொட்டையும் வலது பையில் இருக்கும். ஒவ்வொரு பந்துக்கும் ஒன்று இடது பைக்குப் போகும். வலப்பையில் நான்கு, இடப்பையில் இரண்டு என்றால் இரண்டு பந்து வீசி முடிந்து மூன்றாவதற்குக் காத்திருந்த நிலை. கடைசியாக நின்ற ஆட்டம் ஓவரின் நடுவில் மழையால் நின்றிருக்கலாம். வெளிச்சம் போயிருக்கலாம். அல்லது வீட்டுக் குழந்தைகள் எடுத்து விளையாடிவிட்டு மனம்போல் போட்டிருக்கலாம். எனக்கு முதலாவதை நம்ப ஆசை, மூன்றாவதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

இந்தக் கணக்கில் அவருக்கு ஒரு பெரிய முன்னோடி உண்டு. இங்கிலாந்தில் ஃபிராங்க் செஸ்டர் என்று ஒருவர். 1913-ல், பதின்ம வயதிலேயே, வூஸ்டர்ஷயர் என்ற கவுண்டி (மாவட்ட) அணிக்காகச் சதம் அடித்த பையன். முதல் உலகப் போரில் வலது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. 1922-ல் கவுண்டி அம்பயராக மைதானத்துக்குத் திரும்பினார். 48 டெஸ்ட் ஆட்டங்களில் நின்றார். பந்து எண்ணுவதற்கு அவர் வைத்திருந்தது தன் தாயின் தோட்டத்தில் பொறுக்கிய ஆறு கூழாங்கல். நம் ஊர் வண்டல் மண்ணில் கூழாங்கல்லுக்கு எங்கே போவது? தஞ்சாவூர்ச் சீமையில் புளியங்கொட்டைதான்.

உங்கள் முதல் கேள்விக்குச் செஸ்டரே பாதிப் பதில். ஆட்டம் அவரைக் கைவிடவில்லை, கை அவரைக் கைவிட்டது. ஆனால் நீங்கள் கேட்பது அவரைப் போன்றவர்களைப் பற்றி அல்ல என்று தெரிகிறது. நடுவில் நின்றுபோனவர்களைப் பற்றிக் கேட்கிறீர்கள்.

டிக்கி பேர்டையே எடுத்துக்கொள்வோம். 1959-ல் யார்க்‌ஷயருக்காகக் கிளமோர்கனுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 181 ரன் எடுத்தார். அடுத்த ஆட்டத்தில் அணியில் இடமில்லை. மூத்தவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள், அவ்வளவுதான். பிறகு லெஸ்டர்ஷயருக்குப் போனார். மொத்தம் 93 முதல்தர ஆட்டங்கள், இரண்டே சதம். அம்பயராக அவர் நின்றது 66 டெஸ்ட், மூன்று உலகக் கோப்பை இறுதி ஆட்டங்கள். கபில்தேவ் கோப்பையைத் தூக்கிய 1983 லார்ட்ஸ் ஆட்டத்தில் நின்ற இருவரில் ஒருவர் அவர்.

நமக்குப் பக்கத்திலேயே இன்னொருவர் இருக்கிறார். கேரளத்தின் கே. என். அனந்தபத்மநாபன். லெக் ஸ்பின்னர். 105 முதல்தர ஆட்டங்களில் 344 விக்கெட். இந்தியாவுக்கு ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. காரணம் கேட்க வேண்டியதில்லை. அதே ஆண்டுகளில் அதே லெக் ஸ்பின்னோடு இந்திய அணியில் அனில் கும்ப்ளே என்று ஒருவர் இருந்தார். அனந்தபத்மநாபன் அம்பயராகி, 2020-ல் சர்வதேச அம்பயர் பட்டியலில் இடம் பெற்றார். ஆட்டக்காரராகக் கிடைக்காத சர்வதேச மைதானம் ஐம்பது வயதில் வெள்ளைத் தொப்பியோடு கிடைத்தது.

உடனே நீங்கள் வெங்கட்ராகவனைச் சொல்வீர்கள். 57 டெஸ்ட், 156 விக்கெட், 1975, 1979 உலகக் கோப்பைகளில் இந்திய அணித் தலைவர், பிறகு 73 டெஸ்ட்களில் அம்பயர். உண்மைதான். உங்கள் பெரியப்பா மாமாவை அனுப்பிய மறுமாதம் வெங்கட் இங்கிலாந்தில் மூன்று ஆட்டங்களிலும் தோற்றுக்கொண்டிருந்தார், அதில் ஒன்று அப்போது டெஸ்ட் தகுதிகூடப் பெறாத இலங்கையிடம். ஆனால் அவரைப்போல் உச்சியிலிருந்து இறங்கி வந்து வெயிலில் நிற்பவர்கள் அபூர்வம். மற்றவர்களுக்கு வர்ணனைப் பெட்டியில் நாற்காலி இருக்கிறது.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில் ‘ஆம், பெரும்பாலும்’. அதில் வெட்கப்பட எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரே ஒரு தவறான முடிவு ஒருவனுடைய தேர்வு வாய்ப்பை எப்படி விழுங்கும் என்பது உச்சிக்குப் போனவனைவிடப் பாதியில் நின்றவனுக்கு நன்றாகத் தெரியும்.

உங்கள் பெரியப்பா ஏன் பாதியில் நின்றார் என்பதற்கு எனக்கு ஒரு விளக்கம் உண்டு. அதற்கு நம் மைதானங்களைச் சொல்ல வேண்டும். டெல்டாவில் கிரிக்கெட்டுக்குக் காலம் குறித்துக் கொடுத்தது மேட்டூர் அணை. தை மாதம் சம்பா அறுவடை, அந்த ஈரத்திலேயே உளுந்தும் பயறும். அது எடுத்த பிறகு, பங்குனி முதல் ஜூன் 12-க்கு அணை திறந்து தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும்வரை வயல் சும்மா கிடக்கும். கிராமத்துப் பையன்கள் வயலிலும் வறண்ட ஆற்று மணலிலும் ஆடுவார்கள். டவுன் அணிகளுக்குப் பள்ளி, கல்லூரி மைதானங்கள். அங்கும் அதே களிமண்தான். சித்திரையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். வெடிப்பில் மண்ணைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, கல் உருளையை இழுத்து, அதன்மேல் தென்னங்கயிற்றுப் பாயை விரித்து ஆணி அடிப்பார்கள். ‘மேட்’ என்போம். (மேட்டூர் அணை முடிந்த 1934-ல்தான் ரஞ்சிக் கோப்பையும் தொடங்கியது. முதல் ஆட்டம் சேப்பாக்கத்தில், சென்னைக்கும் மைசூருக்கும், ஒரே நாளில் முடிந்தது. ஏ. ஜி. ராம்சிங்குக்குப் பதினொரு விக்கெட். இந்த இரண்டு தொடக்கத்துக்கும் சம்பந்தமில்லை, எனக்கு மட்டும் இருப்பதாகத் தோன்றும்.)

இந்த ‘மேட்’டில் கட்டர், அதாவது விரலால் அறுப்பதுபோல் இழுத்து வீசும் வேகப் பந்து, போட்டால் அது கயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பும், கூடவே எழும்பும். உங்கள் பெரியப்பா கட்டர்காரர். சென்னையில் புல் தரையில் வீசச் சொன்னார்கள். அங்கே அதே பந்து நேராக, மட்டைக்கு வாகாகப் போயிருக்கும். அவர் இதை என்னிடம் சொன்னதில்லை. தேர்வாளர்களைக் குறை சொன்னதும் இல்லை. ஆனால் புல் தரை ஆட்டம் எதையாவது யாராவது புகழ்ந்தால் பேச்சை மாற்றிவிடுவார்.

மேட்டின் இந்த எழும்பலுக்கும் எல்.பி.டபிள்யூவுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஸ்டம்பின் உயரம் இருபத்தெட்டு அங்குலம். மேட்டில் முழங்காலுக்கு மேல் பட்ட பந்து பெரும்பாலும் ஸ்டம்புக்கு மேலே போய்விடும். எங்கள் ஊர் வீச்சாளர்களுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. காலில் பட்டால் கத்துவார்கள். உங்கள் பெரியப்பாவோ தானே பதினெட்டு ஆண்டுகள் கத்தியவர். எந்தக் கத்தலில் நம்பிக்கை இருக்கிறது, எந்தக் கத்தல் வழக்கத்துக்குக் கத்துவது என்று அவருக்குத் தெரியும். நான் எழுதிய மூன்று கோடைகளில் அவர் கொடுத்த எல்.பி.டபிள்யூக்களை இரண்டு கைகளின் விரல்களில் எண்ணிவிடலாம்.

ஒரு நாள் மட்டும் சொல்கிறேன். திருவாரூர்ப் பக்கம் ஒரு பள்ளி மைதானம். வைகாசி முகூர்த்த நாள். சுவருக்கு அந்தப் பக்கம் கல்யாண மண்டபம், கூம்பு ஒலிபெருக்கி மைதானத்தைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. எதிரணிக்குக் கடைசி ஜோடி, ஆறோ ஏழோ ரன் பாக்கி. வீசிக்கொண்டிருப்பது கும்பகோணம், அதாவது உங்கள் பெரியப்பாவின் பழைய அணி. பந்து மட்டையைக் கடந்து விக்கெட் கீப்பர் கைக்குப் போனது. மட்டையில் உரசியது என்று பதினொரு பேரும் கத்தினார்கள். அதே கணத்தில் மண்டபத்தில் கெட்டி மேளம். அவர் தலையை ஆட்டி ‘இல்லை’ என்றார். அடுத்த ஓவரில் ஆட்டம் போய்விட்டது.

ஊர் திரும்ப வேன் நிற்கிறது. டீக்கடையில் எல்லோரும் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். அணித் தலைவர் அவரோடு பத்து ஆண்டுகள் சேர்ந்து ஆடியவர். கிளாஸைக் கையில் வாங்கிக்கொண்டு முதுகைக் காட்டி நின்றார். நான் ஸ்கோர் புத்தகத்தில் கையெழுத்து வாங்கப் போனேன். சிறு பையனுக்குரிய துணிச்சலில் “அது அவுட் இல்லையா சார்?” என்று கேட்டேன்.

“பந்து விலகியதைப் பார்த்தேன். சத்தம் கேட்கவில்லை.”

“மேளம் அடித்ததால்தான் சார் கேட்கவில்லை.”

“அதற்கு உன் புத்தகத்தில் கட்டம் இருக்கிறதா?” என்றார்.

கட்டம் இல்லை. அந்தப் பந்துக்கு, ரன் இல்லை என்று, நான் ஒரு புள்ளிதான் வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை எங்கள் வீட்டுக் கணக்கில் பணம் எடுக்க அப்பா என்னை வங்கிக்கு அழைத்துப் போயிருந்தார். கவுன்டரில் உங்கள் பெரியப்பா. எங்களுக்கு முன்னால் வரிசையில் அந்த அணித் தலைவர். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. படிவத்தை வாங்கிக் கையெழுத்தைச் சரிபார்த்துப் பித்தளை டோக்கனை நீட்டினார், மற்றவர் வாங்கிக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தார். ஊர் அம்பயரின் பிழைப்பு இதுதான். டெஸ்ட் அம்பயர் முடிவைச் சொல்லிவிட்டு ஹோட்டலுக்குப் போகிறார், மறுவாரம் வேறு நாட்டுக்கு விமானம். நம் ஆள் தான் வெளியே அனுப்பியவர்களுக்கு நடுவிலேயே காய்கறி வாங்க வேண்டும், பெண் கொடுத்துப் பெண் எடுக்க வேண்டும். இத்தனைக்கும் அன்றைக்குக் கிடைத்த பேட்டா பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போகும்.

இப்போது மாமா விஷயம். ‘சொந்தக்காரர் ஆடும் ஆட்டத்தில் அவர் நின்றிருக்கவே கூடாது’ என்று இன்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் உலகக் கிரிக்கெட் அப்போது எப்படி இருந்தது? எந்த நாட்டில் ஆட்டமோ அந்த நாட்டு அம்பயர்தான். 1986-ல் லாகூரில் பாகிஸ்தானும் மேற்கிந்தியத் தீவுகளும் ஆடியபோது நம்முடைய வி. கே. ராமஸ்வாமியையும் பிலூ ரிப்போர்ட்டரையும் நிற்கவைத்தது புதுமையாகப் பேசப்பட்டது. டெஸ்ட் ஆட்டத்தில் ஓர் அம்பயராவது வெளிநாட்டவராக இருக்க வேண்டும் என்று வந்தது 1994-ல். இருவரும் என்றானது 2002-ல். அதுவரை எல்லா நாடும் மைத்துனரை நிறுத்தித்தான் ஆட்டம் நடத்தியது. மாயவரத்தை மட்டும் குறை சொல்வானேன்?

அவருடைய சிக்கலை எண்ணிப் பாருங்கள். மட்டையோடு நிற்பவர் நான்கு மாதத்துக்கு முன் அவரே பாதம் கழுவிப் பெண்ணைக் கொடுத்த மாப்பிள்ளை. பந்தோடு நிற்பவர்கள் அவர் பதினெட்டு ஆண்டுகள் ஆடிய அணி. ‘இல்லை’ என்றால் மாப்பிள்ளைக்குச் சலுகை என்று கும்பகோணம் சொல்லும். ‘அவுட்’ என்றால் பழைய அணிக்கு விசுவாசம் என்று மாயவரம் சொல்லும். கேட்காவிட்டால் அவர் வாய் திறக்க வேண்டியதில்லை. வீசுபவர்கள் முறையிடாமல் அம்பயர் அவுட் கொடுக்க முடியாது என்பது விதி. ஆனால் கேட்டுவிட்டார்கள். பந்தைத் தவிர வேறு எதைப் பார்த்தாலும் அன்று அவர் மாட்டிக்கொண்டிருப்பார்.

ஆகவே விரலில் நான் குற்றம் காணவில்லை. நான் குற்றம் காண்பது ரயிலில்.

அந்தப் பாசஞ்சர் எனக்கு நன்றாகத் தெரியும். குத்தாலம், ஆடுதுறை, திருவிடைமருதூர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று நிதானமாகப் போகும் மீட்டர் கேஜ் வண்டி. ஏதாவது ஒரு ஸ்டேஷனில் இறங்கி நாலு பெட்டி தள்ளிப் போய் மாப்பிள்ளைக்கு எதிரில் உட்கார்ந்திருக்கலாம். முடிவைப் பற்றி விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ‘மாப்பிள்ளை, சாப்பிட்டீர்களா?’ என்று கேட்டிருந்தால் போதும். கோட்டைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்த பிறகும் அவர் அம்பயராகவே உட்கார்ந்திருந்தார். என்னிடம் ‘கட்டம் இருக்கிறதா’ என்று கேட்டாரே, அந்த மனிதர்தான் தங்கை வீட்டிலும் விளக்கம் சொல்ல மறுத்தவர். மைதானத்தில் அது பெரிய குணம். வீட்டில் அதற்கு விலை ஒன்பது தீபாவளி.

சரி, மாமா மட்டும்? அவரும் அதே ஸ்டேஷன்களில் இறங்கி வந்திருக்கலாம்தான். ஆனால் பெண் எடுத்தவர் இறங்கி வருவது நம் பக்கம் வழக்கமில்லை. அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும், பெரியப்பாவுக்கும் தெரிந்திருக்கும்.

இனி ஒன்று. 1979 ஆட்டத்தின் ஸ்கோர் புத்தகம் எங்காவது இருந்தாலும் அது உங்களுக்கு உதவாது. அதில் மாமாவின் பெயருக்கு நேரே ‘எல்.பி.டபிள்யூ.’ என்றும் வீசியவர் பெயரும் இருக்கும். விரல் தூக்கியவர் யார் என்று அந்த வரியில் எழுதுவதில்லை. பந்து எங்கே பட்டது என்றும் எழுதுவதில்லை.

அது தெரிந்தவர் இன்று ஒருவர்தான். மாமாவுக்கு இப்போது எழுபத்தைந்து வயது இருக்குமா? ஒரு மாலை மாயவரம் போய்வாருங்கள். பழைய வருத்தத்தைக் கிளற வேண்டாம். மேட்டா புல் தரையா, பந்து முழங்காலுக்கு மேலே பட்டதா கீழே பட்டதா, இதை மட்டும் கேளுங்கள். மட்டை பிடித்தவனுக்கு அது மறக்காது. கீழே என்று அவர் சொன்னால் எனக்கு எழுதுங்கள். மேலே என்று சொன்னாலும் எழுதுங்கள். உங்கள் பெரியப்பாவோடு எனக்கு ஒரு பழைய பாக்கி இருக்கிறது.

அன்புடன்.